இரத்தம் எழுதும் கணக்கு

ஆண்டு முடியும் வேளையில் கடைக்காரர் இருப்புக் கணக்குப் பார்க்கிறார். நாமோ புதிய நாட்குறிப்பு வாங்கி, ‘நாள்தோறும் ஐந்து மணிக்கு எழுவேன், உடற்பயிற்சி செய்வேன்’ என்று முதற்பக்கத்தில் அழகாக எழுதுகிறோம். பொங்கல் விடுமுறை முடிவதற்குள் அந்தப் பக்கமே மறந்துபோகிறது. கடந்த ஆண்டில் நம் உடலை எப்படி நடத்தினோம் என்று திரும்பிப் பாராமல் தீர்மானம் செய்வதே இதற்குக் காரணம்.

எங்களை அவ்வாறு திரும்பிப் பார்க்கவைத்தது ஒரு டிசம்பர் மாதக் காலை. வழிபாட்டுக் கூட்டத்தில் எங்கள் தோழி ஒருத்தி மயங்கி விழுந்தாள். கோ-கோ ஆட்டத்தில் எங்கள் அணியிலேயே விரைந்து ஓடுபவள் அவள். “காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று ஆசிரியை அவளைக் கேட்டபோது, எங்களில் பாதிப்பேர் தலைகுனிந்தோம். ஒரு டம்ளர் காப்பியோடு பஸ்ஸைப் பிடித்தவர்கள் நாங்கள். வாரந்தோறும் பள்ளியில் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை நாவின் அடியில் மறைத்துவைத்து, பிறகு செம்பருத்திச் செடியின் அடியில் போட்டவர்களும் எங்களுள் உண்டு. செடி செழித்தது, நாங்கள் வெளுத்தோம்!

இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின்தான் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்கிறது. அதை உண்டாக்க இரும்புச்சத்து தேவை. பன்னிரண்டு வயதைத் தாண்டிய பெண்ணுக்கு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்த சோகை. களைப்பு, மூச்சிரைப்பு, பாடத்தில் மனம் பதியாமை ஆகியவை அதன் அடையாளங்கள். சோம்பேறி என்று ஏச்சு வாங்கும் பெண் உண்மையில் சோகை பிடித்தவளாக இருக்கலாம். 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் 100-க்கு 59 பேர் இரத்த சோகை உடையவர்கள். வளரும் பருவம், மாதந்தோறும் ஏற்படும் இரத்த இழப்பு, போதாத உணவு, வெறுங்காலின் வழியே உடலில் புகும் கொக்கிப்புழு ஆகியவை முக்கியக் காரணங்கள்.

முருங்கைக்கீரை, கம்பு, எள், பயறு வகைகள் ஆகியவற்றில் இரும்புச்சத்து உண்டு. மீன், இறைச்சியில் உள்ளது இன்னும் எளிதாக உடலில் சேரும். கீரைச் சோற்றோடு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தால், கீரையின் சத்தை உடல் நன்கு ஏற்றுக்கொள்ளும். சாப்பாட்டுடன் அருந்தும் தேநீரும் காப்பியும் அதைத் தடுக்கும். ஆதலின் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். உணவுக்குப்பின் விழுங்கினால் அத்தொல்லை குறையும். மலம் கறுப்பாகப் போவது கண்டு அஞ்சவேண்டாம். களைப்பு நீடித்தால் மருத்துவரிடம் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது. ஜனவரியில் பிறக்கும் அணு கோடைவரை உழைக்கும். ஆகவே, தேர்வு நாள் காலையில் மட்டும் அம்மா ஊட்டிவிடும் இரண்டு இட்லி போதாது. புத்தாண்டு முதல் நாம் உண்டதும் உண்ணாததும் அன்று நம்முடன் தேர்வு எழுத வந்து அமரும்.

பெற்றோரே, எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்பதே பெண்ணுக்கு அழகு என்னும் வழக்கத்தை உங்கள் மகளுக்குக் கற்பிக்காதீர்கள். அம்மாவும் அவளோடு ஒரே வேளையில் அமர்ந்து உண்ணட்டும்.

எங்கள் தோழி மருத்துவர் சொன்னபடி மாதக்கணக்கில் மாத்திரை உண்டு தேறினாள். ஆயினும் அவ்வாண்டுப் போட்டிகளை மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்தே பார்த்தாள். அன்புத் தங்கையரே, இவ்வாண்டு நாட்குறிப்பில் நாங்கள் மூன்றே வரி எழுதியிருக்கிறோம்: காலையில் உண்போம், மாத்திரையை விழுங்குவோம், செருப்பணிந்து நடப்போம். செம்பருத்தி தண்ணீர் குடித்தே வளரட்டும்!