டோக்கியோ வாத்தியாரும் தைப் பொங்கலும்

பிறருக்குப் பாடம் சொல்லியே தலை நரைத்த ஓர் உபாத்தியாயர், அறுபதை எட்டும் வயதில் அன்னிய தேசத்தில் மாணாக்கராக உட்காருவதென்றால் லேசான காரியமா? டோக்கியோவில், கக்குஷுயின் சர்வகலாசாலையில் ஜப்பானிய மொழிப் பேராசிரியராயிருந்த ஸுஸுமு ஓனோ (1919–2008), 1980-ல் தமிழுக்காகச் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் பொன். கோதண்டராமன் (பொற்கோ) அவருக்கு உற்ற துணைவராய் அமைந்தார்.

‘நான் சோற்றை உண்கிறேன்’ என்று நாம் சொல்லும் அதே வரிசையில்தான் ஜப்பானியரும் சொல்லுகிறார்கள். வினை கடைசியில், நம் ‘ஐ’ உருபு நிற்குமிடத்தில் அவர்களுக்கு ‘ஒ’. இங்கிலீஷ் வாக்கியத்துக்கு நம் பிள்ளைகள் படும் பாட்டில் பாதிகூட இதற்கு வேண்டியதில்லை. (எழுத்து வேறு சமாசாரம்!)

ஓனோ எடுத்துக்காட்டியவற்றில் மிகச் சுவையானது பொங்கல். ஜனவரி 15-ந் தேதி ஜப்பானியர் சிவப்புப் பயறு இட்டுக் கஞ்சி காய்ச்சுவதுண்டு. அந்நாட்களையொட்டி வடபகுதிக் கிராமங்களில் காக்கையைக் கூவியழைத்து உணவிடும் வழக்கமும் இருந்தது. மயிலாப்பூர் மொட்டை மாடிகளில் கணுப்பிடி வைக்கும் நம் பெண்மணிகள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ!

இரு மொழிக்கும் உறவுண்டென்ற அவர் கொள்கையை மொழி நூலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. கொரிய மொழியிலும் துருக்கியிலுங்கூட வினை கடைசியில்தானே வருகிறது? நியாயமான கேள்விதான். தாய்நாட்டிலேயே கண்டனங்கள் பலமாக எழுந்தும் ஓனோ தளரவில்லை. எண்பது வயதைத் தொட்ட பிறகும், 2000-ம் ஆண்டில், இதே பொருள்பற்றிப் பெருநூலொன்று வெளியிட்டார்.