துப்பாக்கிக்குள் ஒரு ரப்பர் வளையம்

உங்கள் வீட்டுப் பிரஷர் குக்கரின் மூடியைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் ஓரத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது தேய்ந்துவிட்டால் நீராவி பக்கவாட்டில் சீறும். சோறு சரியாக வேகாது. 150 ஆண்டுகளுக்கு முன்பு பிரெஞ்சுப் படைவீரரின் துப்பாக்கிக்குள்ளும் இதுபோன்ற ஒரு வளையம் இருந்தது. அது பழுதானால் சீறியது நீராவி அன்று, வெடிமருந்தின் சுடுவாயு. அதுவும் வீரரின் முகத்துக்கு மிக அருகில்!

அந்தத் துப்பாக்கியின் பெயர் ஷாஸ்போ. அந்துவான் அல்போன்ஸ் ஷாஸ்போ வடிவமைத்த இதைப் பிரெஞ்சு ராணுவம் 1866இல் ஏற்றுக்கொண்டது. பழம்பொருள் சேகரிப்பாளர்கள் இன்று ஒரு ஷாஸ்போவைக் கையில் எடுத்தால், அதன் அடைப்பானைத் திறந்து அந்த வளையத்தைத் தேடுவார்கள். பெரும்பாலும் அது அங்கே இருக்காது. அது எங்கே போனது?

பின்பக்கக் கதவு

அதற்கு முந்தைய துப்பாக்கிகளில் மருந்தையும் குண்டையும் குழலின் முன்வாய் வழியாகப் போட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். எதிரி சுடும்போது எழுந்து நின்று இதைச் செய்வது ஆபத்து. ஷாஸ்போவில் காகிதத் தோட்டாவைப் பின்புறமாகவே நுழைக்கலாம், படுத்தபடியே சுடலாம். ஆனால், பின்புறம் ஒரு கதவு வைத்தால் அதன் இடுக்கு வழியே வாயு கசியும். பிரஷ்யாவின் டிரைசே துப்பாக்கிக்கு இருந்த பெரிய குறையும் அதுதான்.

அழுத்தமே பூட்டு

ஷாஸ்போ கண்ட தீர்வு எளிமையானது. அடைப்பானின் முனையில், இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே ஒரு ரப்பர் வளையத்தைப் பொருத்தினார். மருந்து வெடித்ததும் வாயு முன்பரப்பைப் பின்னோக்கித் தள்ளும். நடுவில் நசுங்கும் ரப்பர் பக்கவாட்டில் பிதுங்கி, குழலின் உட்சுவரோடு இறுக ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகும். வாயு தப்பிக்க முயல்வதே அதன் வழியை மூடிவிடுகிறது!

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது ஷாஸ்போவின் குறிக்கோல் 1,200 மீட்டர் வரை அளவிடப்பட்டிருந்தது. இது டிரைசேயின் எல்லையைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. இருந்தும், பிரஷ்யப் பீரங்கிகளின் வலிமைக்கு முன்னால் பிரான்ஸ் தோற்றது.

வளையத்தின் எதிரிகள்

ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அச்சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து வலுப்பெறும். ஆனாலும் வெப்பமும் காற்றிலுள்ள உயிர்வளியும் அவற்றைத் தாக்கிக்கொண்டே இருக்கும். ரப்பர் முதலில் இறுகும். பிறகு வெடித்து உதிரும். ஒவ்வொரு வேட்டும் அந்த வளையத்தைச் சுட்டது. அதனால் வீரர்கள் மாற்று வளையங்களையும் கொண்டு சென்றனர். நம் வட்டாரத்துக்கு ரப்பர் கன்றுகள் வந்ததே 1877இல்தான். அதற்கு முன்பு ரப்பருக்கு அமேசான் காட்டு மரங்களையே உலகம் பெரிதும் நம்பியிருந்தது.

1874இல் வந்த கிரா துப்பாக்கி, ரப்பர் வளையத்தையே நீக்கிவிட்டது. அதன் தோட்டாவுக்குப் பித்தளை உறை இருந்தது. வெடிக்கும்போது உறை விரிந்து குழலை அடைக்கும். பிறகு சற்றுச் சுருங்கி, எளிதாக வெளியே வரும். ஒவ்வொரு தோட்டாவும் தன் அடைப்பைத் தானே கொண்டுவந்தது. பழைய ஷாஸ்போக்கள் பலவும் கிரா வகையாக மாற்றப்பட்டன. அப்படி மாறாமல் தப்பியவற்றுக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு.

துரு சொல்லும் கதை

துப்பாக்கியின் உலோகத்தில் பொறித்த எழுத்துகளும் ஒரு வரலாற்று ஏடுதான். 'பேரரசுத் தொழிற்சாலை' என்று பிரெஞ்சில் பொறித்திருந்தால், அது மூன்றாம் நெப்போலியன் காலத்தது. 1870இல் அவருடைய ஆட்சி கவிழ்ந்ததும் அந்தச் சொல்லும் மறைந்தது.

இங்கேதான் புதிய சேகரிப்பாளர்கள் தவறுகிறார்கள். துருவைப் பார்த்ததும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். துருவோடு எழுத்துகளும் போய்விடுகின்றன. சில நிமிட வேலையில், 150 ஆண்டுகள் தப்பிப் பிழைத்த சான்று அழிந்துவிடுகிறது! அனுபவசாலிகள் மென்துணியில் எண்ணெய் தொட்டு, உதிரும் துருவை மட்டும் நீக்குவார்கள். புதிய ரப்பர் வளையம் பொருத்தலாம், வேண்டாதபோது கழற்றிவிடலாம். தேய்த்த உலோகத்தை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது. மீட்க முடியாத எதையும் செய்யாதே என்பதே பழம்பொருள் காப்போரின் முதல் விதி.

மாணவர்களே, நம் நாட்டில் துப்பாக்கிச் சட்டங்கள் மிகக் கடுமையானவை. இவற்றை அருங்காட்சியகத்தில் பார்ப்பதே முறை. ஆனால் வளையத்துக்கு என்ன ஆனது என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே மாதிரியான இரண்டு ரப்பர் பட்டைகளை எடுங்கள். ஒன்றை ஒரு டின்னில் இழுத்து மாட்டி, வெயில் படும் சன்னலோரம் வையுங்கள். மற்றொன்றை இழுக்காமல் இருட்டான மேசை இழுப்பறையில் வையுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். எந்தப் பட்டையில் வெடிப்பு தெரிகிறது?