முன்பாய் சுருளுவது எப்படி?

சிறிய பாய்ப்படகு கரையை அணுகும் தருணத்தில், பாய்மரத்துக்கு முன்னே நிற்கும் முக்கோண முன்பாய், காற்றில் படபடத்துப் பார்வையை மறைத்து, படகோட்டியின் கைகளுக்கு வேலை மிகுந்திருக்கும் அந்நேரத்திலேயே உபத்திரவம் செய்வது வழக்கம். இயன் பிராக்டர் 1957இல் வடிவமைத்த, ஏறக்குறைய 4.8 மீட்டர் நீளமுள்ள 'வேஃபேரர்' என்னும் இங்கிலாந்துப் படகில்கூட, ஒருவன் முன்தளத்துக்குத் தவழ்ந்து சென்றால் படகின் சமநிலை குலையுமாதலால், இருந்த இடத்திலிருந்தே பாயைச் சுருட்டும் உபாயம் அவசியமாயிற்று.

யந்திரம் சாமானியமானது: பாயின் அடிமுனையில் ஓர் உருளை, உச்சிமுனையில் ஒரு சுழல்வளையம், இரண்டையும் இணைத்து முன்விளிம்பினுள்ளே ஓடும் எஃகுக் கம்பி. பாய் விரியும்போது உருளை மெல்லிய கயிறொன்றைத் தன்மேல் சுற்றிக்கொள்கிறது; அக்கயிற்றை இழுத்தால், உருளை எதிர்த்திசையில் சுழன்று, கம்பியையும் அதனோடு பாயையும் சுருட்டிவிடுகிறது.

கீழே கொடுத்த முறுக்கு மேலே செல்வது கம்பியின் விறைப்பினால்தான். பாயை ஏற்றும் கயிறு தளர்ந்திருந்தால், கம்பி தொய்ந்து, அடிப்பாகம் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியும் உச்சி அசையாது நிற்கும். மேல்வளையம் உப்பேறி இறுகிவிட்டாலோ, ஏற்றும் கயிறே முறுக்கிக்கொள்ளும். புதியவர்கள் உருளையைப் பழிப்பார்கள், பாவம். குற்றம் பெரும்பாலும் உச்சியில் இருக்கும்.

பலத்த காற்றில் பாய் இறுக்கமாகச் சுருளுவதால் அதிகச் சுற்றுகள் பிடிக்கும். ஆகவே உருளையில் சில சுற்றுக் கயிறு உபரியாக இருப்பது உசிதம். பாதி சுருட்டிய பாயுடன் ஓட்டுவது மட்டும் உசிதமன்று. அதன் வடிவம் கெட்டு, காற்றை எதிர்த்து ஏறும் சக்தி குன்றிவிடும்.