இயந்திர முகமும் மனிதக் கைகளும்

நடனக் கூடங்களில் இன்று ஒலிக்கும் இசையிற் பெரும்பகுதி வாத்தியக்காரர் கைபடாதது. தாளத்தை ஒரு பெட்டி தட்டும். நரம்பிசையை இன்னொரு பெட்டி எழுப்பும். ஒருமுறை பதிந்த சிறு துணுக்கைக் கணினி ஓயாது திருப்பித் திருப்பி ஒலிக்கும். இவ்வித இலத்திரனியல் இசையாலே உலகப் புகழ் எய்திய இருவர், அப்புகழின் உச்சியில் நின்றுகொண்டே, முதிய வாத்தியக்காரரைத் தேடிச் சென்ற கதையை இங்கு சொல்லக் கருதினோம். அவர்தம் பாட்டை இளைஞர் பலர் அறிவர். அதன் பின்னுள்ள உழைப்பை அறிந்தோர் சிலரே.

தோமஸ் பங்கல்தேர், கீ-மனுவேல் தெ ஓமெம்-கிறிஸ்தோ என்னும் அவ்விருவரும் பாரிஸ் நகரிற் பள்ளித் தோழராய் இருந்தவர். முதலில் கித்தார் குழுவொன்றில் வாசித்தனர். ஆங்கிலப் பத்திரிகையொன்று அவ்வாசிப்பை அசட்டுக் கூச்சலென இகழ, இகழ்ந்த சொற்களையே எடுத்து ‘டாஃப்ட் பங்க்’ எனத் தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டனர். 1997 இல் வந்த அவர்தம் முதல் இசைத்தொகுப்புக்குப் பெயர் ‘ஹோம்வேர்க்’, படுக்கையறையிலேயே ஆக்கியது. நம் மாணவர் வீட்டுப்பாடத்தில் இத்துணை ஊக்கங் காட்டுவாராயின் ஆசிரியர்க்கு வேறென்ன வேண்டும்! பின்னாளில் இருவரும் இயந்திர மனிதரின் தலைக்கவசம் அணிந்தே மேடையேறினர்.

பழைய இசைத்தட்டுகளிலிருந்து துணுக்குகளை வெட்டி ஒட்டுவது அவர்கள் கைக்கொண்டிருந்த முறை. 2013 மே மாதம் வெளிவந்த ‘ராண்டம் அக்செஸ் மெமரீஸ்’ என்ற அல்பத்தில் அம்முறையை ஏறக்குறைய முற்றாகக் கைவிட்டனர். கடைசிப் பாடலொன்றே விலக்கு. கணினியின் நினைவகத்துக்கு வழங்கும் பெயரைப் பன்மையாக்கி, மனித நினைவுகள் என்ற பொருளும் தொனிக்க வைத்த தலைப்பு அது. பழைய தட்டை வெட்டுவதற்குப் பதிலாக, அத்தகைய இசையை வாசித்த தலைமுறையினரையே அழைத்தனர். ஓமர் ஹக்கீமும் ஜோன் றொபின்சனும் முழவு வாசித்தனர். நேதன் ஈஸ்ட் பேஸ் கித்தார் வாசித்தார். பெட்டி தட்டும் தாளம் அச்சில் வார்த்ததுபோல் அடிக்கு அடி ஒத்திருக்கும். கைத் தாளமோ ஒரு மயிரிழை முந்தும், ஒரு மயிரிழை பிந்தும். அந்த மயிரிழையிலேதான் உயிர் இருக்கிறது. தவில் கேட்டுப் பழகிய செவிக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1970களில் ‘ஷிக்’ குழுவை நிறுவிய நைல் றொட்ஜர்ஸ் 2010 இற் புற்றுநோய்க்கு ஆளானவர். அவருடைய கித்தாரும் ஃபரெல் வில்லியம்ஸின் குரலும் சேர்ந்த ‘கெட் லக்கி’ பட்டிதொட்டியெங்கும் பரவிற்று. ஆயினும் எமது நெஞ்சைக் கவர்ந்தது ஜோர்ஜியோ மொறோடரின் பங்கே. 1940 இற் பிறந்த இந்த இத்தாலியர், டொன்னா சமர் 1977 இற் பாடிய ‘ஐ ஃபீல் லவ்’ என்ற பாடலை ஏறக்குறைய முழுவதும் மின்னிசைக் கருவியாலே அமைத்தவர். நடன இசைக்குள் இயந்திரத்தைக் குடியேற்றிய முன்னோடிகளுள் ஒருவர். அவரை அழைத்தவர்கள் இசை கேட்கவில்லை. வாழ்க்கைக் கதையைச் சொல்லுமாறு மட்டுமே கேட்டனர். ஒலிப்பதிவு அறையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிவாங்கிகள் நின்றன. வெவ்வேறு காலத்துக் கதைக்கு அந்தந்தக் காலத்து ஒலிவாங்கி! இந்த வேறுபாட்டை யார் அறியப்போகிறார் என்று மொறோடர் வினவ, தோமஸ் அறிவார் என விடை வந்ததாம். இயந்திரத்தைக் கொணர்ந்த மனிதரிடம் இயந்திர வேடமிட்டோர் வேண்டி நின்றது ஒரு மனிதக் குரலையே.

குறை இல்லாமலில்லை. 74 நிமிடம் ஓடும் தொகுப்பிலே நடுப்பகுதி சற்றுச் சோர்வு தட்டுகிறது. குரலை இயந்திரத் தொனியாக்கும் வோகோடரையும் விட்டபாடில்லை. வேறொன்றும் நினைக்கத்தக்கது. இம்முயற்சிக்கு அவர்கள் தம் சொந்தப் பணத்தையே பெருந்தொகையாக இட்டனர். தேர்ந்த வாத்தியக்காரரை மாதக்கணக்கில் அமர்த்தப் படுக்கையறைப் பையனொருவனால் இயலுமா? அவனுக்கு வாயில் திறந்தது மலிவான அந்தப் பெட்டியன்றோ! இயந்திரத்தைப் பழிப்பவர் இதனை மறந்துவிடுகின்றனர்.

2014 ஜனவரியில் இத்தொகுப்புக்கு ஆண்டின் சிறந்த அல்பம் என்பது உட்பட ஐந்து கிராமி விருதுகள் கிடைத்தன. தலைக்கவசம் அணிந்த இருவரும் மேடையில் வாய்திறவாது நிற்க, தொகுப்பிற் பங்குகொண்ட முதிய பாடலாசிரியர் போல் வில்லியம்ஸ் அவர்களுக்காகப் பேசினார். 2021 பெப்ரவரியில் இருவரும் பிரிந்தனர். 2023 நவம்பரில் அதே தொகுப்பு, முழவொலி முழுவதும் நீக்கப்பெற்று, மீண்டும் வெளிவந்தது. நடன இசையிலே தாளத்தை நீக்குவதா என்று வியப்போடு கேட்கத் தொடங்கினோம். மொறோடர் பேசி முடித்தபின் ஹக்கீமின் கைகள் பொங்கியெழ வேண்டிய அந்த இடம் வெறிச்சோடிக் கிடந்தது. எம் விரல்கள் மேசையிலே தாமாகத் தட்டிக்கொண்டிருந்தன.