நெல்வயல் வழியே சிறுநீரகத்துக்கு

ஜப்பானின் தொயாமா மாகாணத்தில் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் விளைந்த அரிசியை ஆண்டுக்கணக்கில் உண்டவர்களுக்கு, அதிலும் பிள்ளை பெற்ற பெண்களுக்கு, இருமினாலே விலா எலும்பு முறிந்தது. 'இத்தாய் இத்தாய்' என்று அந்த நோய்க்குப் பெயர். ஆற்றின் மேல்பகுதியிலிருந்த கமியோக்கா சுரங்கக் கழிவில் வந்த காட்மியமே காரணம் என்று 1968-ல் அரசு ஒப்புக்கொண்டது.

முறிந்தது எலும்பு, ஆனால் முதலில் கெட்டது சிறுநீரகம்.

குடலில் நுழையும் காட்மியத்தைக் கல்லீரலில் மெட்டலோதயோனின் என்ற சிறு புரதம் பிடித்துக்கொள்கிறது. அதிலுள்ள 20 சிஸ்டீன்களின் கந்தக அணுக்கள் 7 உலோக அணுக்களை வளைத்துக்கொள்ளும். பிடியில் இருக்கும்வரை தீங்கில்லை. ஆனால் இந்தப் புரதம் ரத்தத்தில் கசிந்தால், அதன் சிறிய உருவத்தால் சிறுநீரக வடிகட்டியில் எளிதாக நழுவிவிடும். வடிந்த நீரிலிருந்து நல்லதைத் திரும்ப எடுக்கும் நுண்குழாய்ச் செல்கள் இதையும் உள்ளே இழுத்துச் செரிக்கின்றன, காட்மியம் விடுபடுகிறது. அந்தச் செல்களும் சொந்தமாக மெட்டலோதயோனின் செய்து அதைக் கட்டிப்போடப் பார்க்கின்றன. வரத்து மிஞ்சினால் தோற்றுப்போகின்றன. பிறகு பாஸ்பேட்டும் கால்சியமும் சிறுநீரோடு போய்விடும், வைட்டமின் டி-யும் செயலூக்கம் பெறாது, எலும்பு வலுவிழக்கும். வழக்கமான கிரியேட்டினின் சோதனையில் தொடக்கக் கேடு தெரியாது. சிறுநீரில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஈயத்துக்கு இருப்பதுபோல இதை வெளியேற்ற நம்பகமான மருந்து இல்லை. சிறுநீரகத்தைச் 'சுத்தம் செய்யும்' பானங்களுக்குப் பணத்தைக் கொட்டுபவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. உள்ளே போகாமல் தடுப்பதுதான் காப்பு. புகையிலைச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தை இலையில் சேர்த்துவைக்கும். புகைப்பவர் உடலில் மற்றவர்களைவிடச் சுமார் இருமடங்கு காட்மியம் இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்த குடலும் அதைக் கூடுதலாக உறிஞ்சும், ஆகவே ரத்தசோகையைக் கவனிப்பதும் சிறுநீரகத்தைக் காப்பதே.

ஜின்சு கரையில் மாசுபட்ட வயல்மண்ணைப் புதைத்து, நல்ல மண் பரப்பும் வேலை 30 ஆண்டுகளுக்கு மேல் நடந்து 2012-ல்தான் முடிந்தது. மண் மாற்றாத இடங்களில் வேறு வழி உண்டு. கதிர் வரும் பருவத்தில் வயலில் தண்ணீர் கட்டி நிறுத்தினால் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும். ஆனால் அதே தண்ணீர் ஆர்சனிக்கைக் கரைத்து நெல்லில் ஏற்றிவிடுகிறது! அதனால்தான், வேரிலேயே காட்மியத்தை மிகக் குறைவாக எடுக்கும் கோஷிஹிகாரி நெல் ரகம் ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் அயனிக் கற்றை பாய்ச்சி உருவாக்கினார்கள்.