கூகுள் தேடலில் நம் கடை: பட்டியலில் பதிந்தால் முதலிடம் கிடைக்குமா?

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் படி இறங்கும்போது, பிரியாணிக் கடை நடத்தும் சகோதரர் ஒருவர் நம்மை நிறுத்தி அலைபேசியை நீட்டினார். “ஹஜ்ரத், 200 தளங்களில் கடை பெயரைப் பதிந்து தருகிறார்களாம். கூகுளில் முதலிடம் உறுதி என்கிறார்கள். 15,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?” என்றார்.

அவர் கேட்டது பலனைப் பற்றித்தான். ஆனால் விசாரிக்க விசாரிக்க மார்க்கச் சட்டமும் உள்ளே வந்துவிட்டது. நம் ஜமாஅத்துகளில் இப்படிப் பணம் கட்டியவர்கள் பலர் இருப்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். அலைபேசியில் ‘பிரியாணி கடை’ என்று தேடினால் வரைபடத்தோடு மூன்று கடைகள் வருகின்றன. 2015 வரை அந்த இடத்தில் ஏழு கடைகள் வந்தன. பிறகு மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். அதற்குக் கீழே வருபவை இணையதளங்களின் சாதாரணத் தேடல் முடிவுகள். விளம்பரம் என்று குறித்து வருபவை வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகக் காட்டித்தான் ‘முதலிடம்’ விற்கப்படுகிறது.

வரைபடப் பகுதியில் யார் முன்னால் வருவது என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்வதாக கூகுளே சொல்கிறது. தேடிய சொல்லுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவர் இருக்கும் இடத்திலிருந்து தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. பணம் கொடுத்து இந்த வரிசையில் மேலே வர வழியில்லை என்றும் அது தெளிவாகவே அறிவித்திருக்கிறது. இதில் தூரம் யார் கையிலும் இல்லை. நம் கடைத் தெருவில் நின்று தேடினால் முதலில் வரும் கடை, பேருந்து நிலையத்தில் நின்று தேடினால் வராமல் போகலாம். ‘உறுதி’ என்று எழுதிக் கொடுப்பவரிடம் எந்த இடத்தில் நின்று தேடினால் என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, ஜஸ்ட் டயல், சுலேகா போன்ற பட்டியல்களில் பதிவதால் நம் சொந்த இணையதளம் சாதாரணத் தேடலில் மேலே வருமா? நேரடியாக மிகக் குறைவு. இத்தகைய தளங்களில் பல, தம் பக்கத்திலிருந்து வெளியே செல்லும் இணைப்புகளில் ‘இதை நம் பரிந்துரையாக எண்ண வேண்டாம்’ என்ற குறிப்பைச் சேர்த்திருக்கும். ‘நோ ஃபாலோ’ என்று அதற்குப் பெயர். 2005 முதல் இருக்கிறது. எனவே 200 இணைப்பு கிடைத்தாலும் 200 சிபாரிசு கிடைத்ததாக ஆகாது.

மறைமுகப் பலன் உண்டு. கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை பல இடங்களில் ஒரே மாதிரி இருந்தால், இப்படி ஒரு கடை உண்மையிலேயே இந்த இடத்தில் இருக்கிறது என்ற உறுதி கூகுளுக்குக் கூடுகிறது. மதரஸாவில் ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும் (உவமைக்காக மட்டுமே சொல்கிறோம்). தனித்தனி வழிகளில் வந்த அறிவிப்புகள் ஒத்திருந்தால் செய்தி வலுப்பெறும், முரண்பட்டால் பலவீனப்படும். ஒருவரிடமிருந்தே எல்லோரும் கேட்டுச் சொன்னால், சொன்னவர்கள் எத்தனை பேரானாலும் அது ஒரே வழிதான். ஒன்றைப் பார்த்து ஒன்று நகலெடுக்கும், யாரும் திறந்துகூடப் பார்க்காத 200 தளங்களின் நிலையும் அதுவே. மக்கள் உண்மையில் பயன்படுத்தும் நாலைந்து இடங்களில் சரியாக இருந்தால் போதும்.

இன்னொரு பலனைப் பலரும் கவனிப்பதில்லை. ஊர் பெயரோடு ஒரு தொழிலைத் தேடினால் சாதாரண முடிவுகளில் பட்டியல் தளங்களே பெரும்பாலும் முன்னால் நிற்கின்றன. நம் தளம் அவற்றை முந்தாவிட்டாலும், அவற்றுக்குள் நம் கடை இருந்தால் வாடிக்கையாளர் வந்துவிடுவார். அதோடு, சாதாரணத் தேடலில் நம் தளம் பெறும் இடமும் வரைபட வரிசைக்குக் கணக்கில் எடுக்கப்படுவதாக கூகுள் முன்பு கூறியிருந்தது. ஆக, ஓரளவு நல்ல சொந்தத் தளம் வைத்திருப்பது வீண் போகாது. கூகுள் வணிகப் பக்கத்தோடு இலவசமாகக் கிடைத்த சிறு இணையதளங்களை நம்பியிருந்தவர்கள் 2024 மார்ச்சில் அவை மூடப்பட்டபோது தவித்தார்கள். இரவல் இடம் இரவல்தான்.

இனி மார்க்கம் தொடர்பான பகுதி. அந்தச் சகோதரர் இன்னொன்றும் கேட்டார். “நம்ம ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் சொல்லி எல்லோரையும் ஐந்து நட்சத்திரம் போட வைக்கலாமா ஹஜ்ரத்? பக்கத்துக் கடைக்காரர் அப்படித்தான் செய்கிறார்.”

கடையில் சாப்பிடாதவர் ‘சுவை அருமை’ என்று எழுதுவது பொய்ச்சாட்சி. பெரும்பாவங்களில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த காரியம் அது. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவரை அவர்கள் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். வாங்கிய நட்சத்திரமும் அந்த வகைதான். போட்டிக் கடைக்கு ஒரு நட்சத்திரம் போடச் சொல்வது அதைவிட மோசம். அதில் அடியானின் உரிமையும் சேர்ந்திருக்கிறது.

உலக ரீதியாகவும் இது ஆபத்து. போலி மதிப்புரைகளையும், தள்ளுபடி தருவதாகச் சொல்லி வாங்கும் மதிப்புரைகளையும் கூகுள் விதிகள் தடுக்கின்றன. கடைப் பெயரோடு ‘சிறந்த ஹலால் பிரியாணி’ என்றெல்லாம் ஒட்டுவதும் விதிமீறல். பெயர்ப் பலகையில் உள்ள பெயர்தான் இருக்க வேண்டும். மீறினால் பக்கமே முடக்கப்படலாம். இணைய மதிப்புரைகளுக்காக நம் நாட்டிலும் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தர விதியை வெளியிட்டிருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்தவரிடம் ‘உங்கள் கருத்தை எழுதுங்கள்’ என்று கேட்பதில் தவறில்லை. அவர் குறை எழுதினால் மரியாதையாகப் பதில் எழுதலாம்.

வீட்டிலிருந்தே தையல், கேக் என்று தொழில் செய்யும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. வீட்டு முகவரியை எல்லோருக்கும் காட்ட வேண்டிய அவசியமில்லை. வாடிக்கையாளர் வீட்டுக்கு வராமல், நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தால், முகவரியை மறைத்து, சேவை செய்யும் பகுதிகளை மட்டும் குறிப்பிடலாம். இது தெரியாமல் பட்டியலே வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கும் குடும்பங்களை நாம் அறிவோம்.

அந்தச் சகோதரர் பணம் கட்டவில்லை. அன்று மாலை அவருடைய மகனோடு உட்கார்ந்து கடையைத் தேடிப் பார்த்தோம். ஒரு தளத்தில் பழைய தொலைபேசி எண், இன்னொன்றில் கடை மாறுவதற்கு முந்தைய தெரு. கூகுளில் வெள்ளிக்கிழமை பகல் முழுதும் திறந்திருப்பதாகக் காட்டியது. ஜும்ஆ நேரத்தில் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். எல்லாவற்றையும் திருத்த இஷா வரை ஆயிற்று. காசு எதுவும் செலவாகவில்லை. இன்ஷா அல்லாஹ் ரமளானில் நோன்பு நேரத்துக்கான சிறப்பு நேரத்தைப் போட்டு, பெருநாளுக்குப் பின் மாற்றிவிட வேண்டும் என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.