சிந்துபாத்துக்கு வயது ஏறாதது ஏன்?

காசிமேட்டில் இருந்து மீன் பிடிக்கப் போகும் விசைப்படகு, சில நாட்களில் கரை திரும்பிவிடும். 1960-ம் ஆண்டு லைலாவோடு புறப்பட்ட சிந்துபாத், அறுபது ஆண்டு தாண்டியும் திரும்பவில்லை!

"தினத்தந்தி"யின் "கன்னித்தீவு" படக்கதையை ராயபுரம், திருவொற்றியூர் டீக்கடைகளில் எழுத்துக்கூட்டிப் படித்த சிறுவர்கள் இன்று தாத்தாக்கள். சிந்துபாத் மட்டும் அன்று போலவே வாலிபன்!

இது எப்படி?

லைலாவைச் சுருக்கிய மந்திரவாதி மூசா, காலத்தையும் கட்டிவிட்டான் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால், மந்திரம் பட்டது லைலா மீதுதானே? சிந்துபாத் மீது இல்லையே!

கணக்கு வேறு விடை சொல்கிறது.

தினமும் வருவது சில படங்கள். அவற்றில் நடப்பது 5 நிமிடச் சம்பவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 ஆண்டுகளுக்குச் சுமார் 22,000 நாட்கள். அதாவது 1,10,000 நிமிடங்கள். நாள் கணக்கில் 76 நாட்கள்தான்!

நெடும் பயணங்களை ஒரே படத்தில் தாண்டியிருந்தால் சில ஆண்டுகள் கூடலாம். அறுபது கூடாது.

ஆக, வயது ஏறியது வாசகர்களுக்குத்தான்! லைலா பழைய உருவம் பெறுவதைப் பார்க்காமலே கண் மூடியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் விட்ட இடத்தில் இருந்து பேரன்கள் படித்தார்கள்.

முடியாத வேலையை "கன்னித்தீவு மாதிரி" என்று சொல்வது சும்மாவா?